வறண்ட வானிலையில் சாய்ந்த படகு



போன வாரம் சென்னையில இருந்து என் தம்பி மகன் போன் பண்ணினான். "பெரியப்பா, மழைதான் விட்டுடுச்சே. பொங்கல் லீவுக்கு நாலு பசங்களோட வர்றேன். கொள்ளிடத்துல போட்டு பிடிச்சு முகத்துவாரம் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

"வீட்டுக்கு வா, சந்தோஷம். போட்டு விஷயத்தை அன்னைக்குக் காலைல ஆத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்"னேன்.

"செல்லுல பாத்துட்டேன் பெரியப்பா. ஒரு வாரத்துக்கு வெயில்தான் காட்டுது."

இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது. அவன் மட்டும் இல்லை, படிச்சவங்க, அதிகாரிங்க, டிவியில வானிலை வாசிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க. மழை பெய்தா மோசமான வானிலை, மழை இல்லேன்னா நல்ல வானிலை. ஏன்னா நகரத்துல மழைதான் தொந்தரவு. ரோட்டுல தண்ணி நிக்கும், பஸ் வராது, ஸ்கூல் லீவு. மழை விட்டா பிரச்சினையும் விட்டது.

எங்க பக்கம் அப்படி இல்லை. மழையால படகு கவிழ்ந்து நான் பார்த்ததில்லை. படகைக் கவிழ்க்கிறது காத்தும் தண்ணியும். அந்த ரெண்டும் சண்டை போடுற காலம் மழை விட்ட பிறகுதான் வருது. அதைப் பத்தி ஒரு எச்சரிக்கையும் எங்களுக்கு யாரும் சொல்றதில்லை. இதுதான் என் வழக்கு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். முக்கொம்புல காவிரியில இருந்து பிரியுற கொள்ளிடம், அணைக்கரை தாண்டி கிழக்கே ஓடி, பழையாறு பக்கத்துல கடல்ல சேருது. கடைசி ஓட்டத்துல வடகரை கடலூர் மாவட்டம், தென்கரை மயிலாடுதுறை மாவட்டம். நடுவுல திட்டுத்திட்டா நிலம். படுகைன்னும் சொல்வோம், திட்டுன்னும் சொல்வோம். வண்டல் மண். கத்திரி, வெண்டை, மல்லி எதைப் போட்டாலும் வரும். எனக்குக் கரையில ஒண்ணேகால் ஏக்கர் சம்பா, ஒரு திட்டுல முக்கால் ஏக்கர் கத்திரி. அந்த முக்கால் ஏக்கருக்குப் போறதுக்கு எனக்குப் படகுதான் ரோடு.

இங்க ஆறு ஒரே பக்கமா ஓடாது. நாளைக்கு ரெண்டு தடவை கடல் உள்ளே ஏறும், ரெண்டு தடவை இறங்கும். ஏத்தம், வத்தம்னு சொல்வோம். இன்னைக்கு ஏத்தம் வந்த நேரத்துக்கு நாளைக்கு வராது. முக்கால் மணி, அம்பது நிமிஷம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் பெருசு, வத்தமும் பெருசு. அஷ்டமி நவமியில ரெண்டும் சோம்பல். நம்ம கரையில கடல் ஏறி இறங்குற உயரம் ரெண்டு மூணு அடிதான். "இவ்வளவுதானா?"ன்னு கேப்பீங்க. ஆனா எங்க பூமி தாம்பாளம் மாதிரி மட்டம். ரெண்டடி ஏறினா பல மைல் உள்ளே வந்துடும். உள்ளே வந்த அத்தனை தண்ணியும் ஆறு மணி நேரத்துல வெளியே போயாகணும். அந்தப் போக்குலதான் வேகம் இருக்கு.

இப்ப காத்தைச் சேர்த்துப் பாருங்க. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடைக் காலம். காத்து வடகிழக்குல இருந்து வரும். ஆறு கிழக்கே ஓடுது. ஏத்தத்தப்ப தண்ணியும் காத்தும் ஒரே பக்கம், கடல்ல இருந்து உள்ளே. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து சந்தைக்குப் போற மாதிரி சமாதானம். வத்தத்தப்ப தண்ணி கடலைப் பார்த்து ஓடுது, காத்து முகத்துல அறையுது. அப்ப எழும்புற அலை கடலலை மாதிரி நீளமா, ஆளைத் தூக்கித் தாலாட்டி இறக்குற அலை இல்லை. குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வரும். சின்னப் படகு ஒரு அலையில தலை தூக்குறதுக்குள்ள அடுத்தது உள்ளே ஊத்தும். முகத்துவாரத்துல மணல்மேடு வேற. அங்க அலை உடைஞ்சு விழும். கடலுக்குப் போற ஆளுங்களே அந்த இடத்துல வாயை மூடிக்கிட்டுத்தான் தாண்டுவாங்க.

இது எல்லாம் நடக்கிறப்ப மேலே பார்த்தா வானம் நீலமா இருக்கும். வெயில் அடிக்கும். செல்லுல சூரியன் படம் காட்டும்.

என் கதையைச் சொல்லாம உங்களுக்குப் புத்தி சொல்றது நியாயம் இல்லை. சொல்லிடறேன்.

போன வருஷம் தை அமாவாசைக்கு மறுநாள். ரேடியோவுல "வறண்ட வானிலை நிலவும்"னு சொன்னாங்க. காலைல ஆறரைக்குப் போனோம். லேசான பனி, காத்தே இல்லை, ஆறு கண்ணாடி. கத்திரி பறிக்க ஏழு பொம்பளைங்க, நான், படகு ஓட்டுற தம்பி. ஒரு மணி வாக்குல வேலை முடிஞ்சுது. கரையில வண்டிக்காரன் காத்துக்கிட்டு இருந்தான், சந்தைக்கு நேரமாச்சுன்னு போன் மேல போன். எட்டு மூட்டை ஏத்தினோம். படகுத் தம்பி, "அண்ணே, வத்தம் இழுக்குது, காத்து ஏறிடுச்சு. பாதிப் பாதியா ரெண்டு நடை போயிடுவோம்"னான்.

நான்தான், "இன்னும் நாலு மூட்டையை ஏத்துடா, ஒரே நடையா போயிடலாம்"னேன். ஒரு நடைக்கு டீசல் மிச்சம். அரைமணி நேரம் மிச்சம். அதுக்குத்தான்.

நடு ஆத்துல போனதும் தண்ணி மூக்கை வெட்டி இழுத்துச்சு. படகு குறுக்கே திரும்பிடுச்சு. கார்த்திகை வெள்ளத்துல புதுசா விழுந்த மணல்மேடு ஒண்ணு தண்ணிக்கு அடியில இருந்திருக்கு. அடிப்பக்கம் அதுல உக்காந்துடுச்சு. மேல்பக்கம் தண்ணி தள்ளுது, எதிர்ப்பக்கம் அலை ஊத்துது. படகு சாஞ்சுது. ரெண்டு பேர் விழுந்துட்டாங்க. ஒரு அக்காவுக்கு மேட்டு மேல இடுப்பளவு தண்ணி, நின்னுட்டாங்க. இன்னொருத்தங்க மேட்டைத் தாண்டி விழுந்தாங்க. படகுத் தம்பி குதிச்சு முடியைப் பிடிச்சு இழுத்தான். மூட்டை எல்லாம் தள்ளிவிட்டோம். பன்னிரண்டு மூட்டை கத்திரிக்காய் கடலைப் பார்த்து வரிசையா மிதந்து போச்சு. ஒருத்தர் உடம்புலயும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

யாரும் சாகலை. அதனால பேப்பர்ல வரலை. ஆனா விழுந்த அந்த அக்கா அதுக்கப்புறம் படகு ஏறலை. வாரத்துல ஆறு நாள் திட்டு வேலைக்குப் போனவங்க. இப்ப கரையில கிடைக்கிறப்ப ரெண்டு நாள், மூணு நாள். அவங்க வீட்டு அடுப்புக்கு நான் மிச்சம் பிடிச்ச அரைமணி நேரத்தோட விலை அது. ரோட்டுல என்னைப் பார்த்தா, "சாப்பிட்டியா தம்பி?"ன்னு இப்பவும் கேக்குறாங்க. திட்டியிருந்தா நல்லாயிருக்கும்.

அடுத்த நாள் ஒரு அலுவலகத்துக்குப் போய், "இந்த மாதிரி நாள்ல எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஏற்பாடு இல்லையா?"ன்னு கேட்டேன். எந்த அலுவலகம்னு சொல்ல வேண்டாம். உக்கார வச்சாங்க, தண்ணி கூட கொடுத்தாங்க. கடைசியில சொன்ன பதில்: "நேத்து புயல் எச்சரிக்கை எதுவும் இல்லையே!"

அதைத்தானய்யா நானும் சொல்றேன்!

எச்சரிக்கை எப்படி வருதுன்னு கவனிச்சுப் பாருங்க. "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." நல்ல எச்சரிக்கை, தேவையான எச்சரிக்கை. அதனால பிழைச்ச உயிர் எத்தனையோ. ஆனா அது கடலோட முடிஞ்சுடுது. ஆத்துல கத்திரி மூட்டையோட போறவன் மீனவனும் இல்லை, அவன் போறது கடலும் இல்லை. வானிலைக்காரங்களுக்கு நாங்க கரை. பொதுப்பணிக்காரங்களுக்கு நாங்க வெள்ளம் வந்தா மட்டும் ஆறு. துறைமுகத்துக்காரங்களுக்கு நாங்க ஒண்ணுமே இல்லை. கடல் நீர் ஏறி இறங்குற இந்தக் கடைசி மைல்கள் யாரோட கணக்குலயும் இல்லை.

பெரிய வெள்ளம் வந்தா எல்லாரும் வருவாங்க, மறுக்கலை. 2022 ஆகஸ்டுல கொள்ளிடத்துல ரெண்டு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி வந்து நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் எல்லாம் மூழ்கினப்ப கேமரா வந்தது, படகு வந்தது, சோறு வந்தது. நன்றி. ஆனா அது சில நாள் ஆபத்து. வாடைக்கால வத்தம் மாசக்கணக்குல ஆபத்து. ஒவ்வொரு மதியமும் பத்துப் பதினஞ்சு பேர் உயிர் அதுல போய் வருது. கேமராவுல பிடிச்சா நீல வானமும் வெயிலும்தான் தெரியும். யார் வருவா?

இன்னொண்ணையும் சொல்லணும். "கடல் வாங்கலை"ன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஐப்பசி கார்த்திகையில நம்ம கரையில கடல் மட்டமே மத்த மாசத்தை விட உசந்து நிக்கும். வயல்ல நிக்கிற மழைத்தண்ணி வடிகால்ல இறங்கி ஆத்துக்கு வரும், ஆறு கடலுக்குக் கொண்டு போகும், கடல் வாங்காது. சம்பா அழுகும். இது விவசாயிக்குத் தெரிஞ்ச பாதி. படகுக்காரனுக்குத் தெரிஞ்ச மீதிப் பாதி என்னன்னா, அப்படித் தேங்கி நின்ன தண்ணி வத்தம் ஆரம்பிச்சதும் மொத்தமா புறப்படும். மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு, வெயில் அடிக்கிறப்ப! மேலே இருந்து திறந்து விட்டதும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். பத்தாயிரம் கன அடின்னா ஒரு வினாடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். அந்த எண்ணை டிவியில வாசிக்கிறவங்களுக்கு அது ஒரு எண். எங்களுக்கு அது படகோட மூக்கு எந்தப் பக்கம் திரும்பும்ங்கிற கேள்வி.

இதைச் சொன்னா நகரத்து நண்பர்கள் சிலர், "உங்களுக்குத்தான் பரம்பரை அறிவு இருக்கே, ஆத்தைப் பார்த்தே சொல்லிடுவீங்களே"ன்னு புகழறாங்க. புகழ்ச்சிக்கு நன்றி. ஆனா அந்தப் புகழ்ச்சி எங்களைக் கைவிடுறதுக்கு ஒரு மரியாதையான வழி. எங்க அப்பா காலத்துல மணல்மேடு எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். இப்ப மணல் அள்ளின பள்ளம் ஒரு பக்கம், வெள்ளம் தள்ளின மேடு ஒரு பக்கம், வருஷத்துக்கு வருஷம் ஆத்தோட அடி மாறுது. மேலே எந்த மதகை எப்ப திறக்கிறாங்கன்னு பரம்பரை அறிவுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாறிடுச்சு, அறிவு மட்டும் பழசு. பழைய சாவியை வச்சுப் புதுப் பூட்டைத் திறன்னு சொன்னா எப்படி?

இன்னும் சிலர், "ஆபத்துன்னா போகாதீங்க, படகைத் தடை பண்ணிடலாம்"னு சுலபமா சொல்றாங்க. திட்டுல காய் முத்துது. மாடு கறக்கணும். தடைங்கிற காகிதம் சோறு போடாது. தடை போட்டா படகு நிக்காது, அதிகாரி பார்க்காத நேரத்துக்கு மாறும். இருட்டுலயும் பனியிலயும் போகும். தைக்கு மேல விடிகாலைப் பனியில எதிர்க்கரை தெரியாது, எதிர்ல வர்ற படகோட சத்தத்தைக் காதுல பிடிச்சுத்தான் ஓட்டணும். ஆபத்தைக் குறைக்கிறேன்னு கூட்டுறதுதான் அது.

எங்களுக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. மூணே மூணு.

ஒண்ணு, படகுத்துறையில ஒரு பலகை. இன்னைக்கு ஏத்தம் எத்தனை மணி, வத்தம் எத்தனை மணி, மதியத்துக்கு மேல காத்து எவ்வளவு, மேலே இருந்து வர்ற தண்ணி எவ்வளவு. கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணும் இல்லை. ஏத்த வத்தக் கணக்கை இந்திய நில அளவைத் துறை வருஷா வருஷம் முன்கூட்டியே புத்தகமாப் போடுது. காத்து கணக்கு வானிலை மையத்துல இருக்கு. அலை கணக்கு ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையத்துல இருக்கு. தண்ணி கணக்கு பாசனத் துறையில இருக்கு. நாலும் நாலு இடத்துல இருக்கு. நாலையும் ஒரு பலகையில எழுத ஒரு ஆள், ஒரு சாக்பீஸ். வத்தமும் காத்தும் எதிர்ல வர்ற மணியை மட்டும் சிவப்புல எழுதினா போதும். நாங்க பதினோரு மணிக்கே வேலையை முடிச்சுக்குவோம், இல்லேன்னா தண்ணி நிக்கிற வரைக்கும் மர நிழல்ல உக்காந்திருப்போம்.

ரெண்டு, வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட். சுற்றுலாப் படகுல மட்டும் போடச் சொல்றது எதுக்கு? பொழுதுபோக்குக்குப் போறவங்க உயிர் உசத்தி, கூலிக்குப் போறவங்க உயிர் மட்டமா?

மூணு, படகுல ஒரு கோடு. பாரம் ஏறினா எது வரைக்கும் முங்கலாம்னு பெயிண்ட்ல ஒரு கோடு. அன்னைக்கு அந்தக் கோடு இருந்திருந்தா, "நாலு மூட்டை ஏத்து"ன்னு நான் சொன்னப்ப படகுத் தம்பி அதைக் காட்டியிருப்பான். நான் நிலத்துக்காரன், அவன் வயசுல சின்னவன், என்னை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வரலை. கோட்டுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

பலகையும் கோடும் வர்ற வரைக்கும் நாங்க சும்மா இல்லை. இந்த வருஷம் எங்க துறையில நானே ஒரு சிலேட்டு மாட்டியிருக்கேன். சங்கத்துக் காசும் என் காசும் போட்டு ஆறு ஜாக்கெட் வாங்கியிருக்கோம். ஏழு பேருக்கு ஆறுதான் இருக்குன்னா, ஆறு பேர்தான் படகுல. ஆனா ஒரு துறைக்கு ஒரு கிறுக்கன் சிலேட்டு மாட்டினா போதுமா? கொள்ளிடம், வெள்ளாறு, இன்னும் கடல் ஏறுற ஆறு எத்தனை!

இப்ப உங்களுக்கு. 2011 டிசம்பர் 30, தானே புயல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்களே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? சுத்திப் பார்க்க வந்த குடும்பம், அதுல குழந்தைங்களும் உண்டு. புயலுக்குப் பேர் வச்சதால ஞாபகம் இருக்கு. பேர் இல்லாத நாள்ல செத்தவங்களை மறந்துட்டோம்.

அதனால லீவுக்கு எந்தக் கழிமுகத்துக்குப் போனாலும் மழை வருமான்னு மட்டும் கேக்காதீங்க. "இப்ப ஏத்தமா, வத்தமா? காத்து எந்தப் பக்கம்?"னு படகுக்காரரைக் கேளுங்க. முகத்துவாரம் வரைக்கும் போகலாம்னு கூடக் காசு கொடுத்து ஆசை காட்டாதீங்க. ஜாக்கெட் போட்டா போட்டோ நல்லா வராதுன்னு கழட்டாதீங்க. "இன்னைக்கு வேண்டாம் சார்"னு அவர் சொன்னா பேரம் பேசாதீங்க. அவர் தன் கூலியை விட்டுட்டுச் சொல்றார்.

தம்பி மகன் வரட்டும். காலைல சிலேட்டைப் பார்ப்பேன். ஏத்தம் சாதகமா இருந்தா ஜாக்கெட்டைப் போட்டு நானே கூட்டிக்கிட்டுப் போய், திட்டைக் காட்டி, பதினோரு மணிக்குள்ள கரைக்குக் கொண்டு வந்துடுவேன். முகத்துவாரத்துப் பக்கம் போக மாட்டேன். சிலேட்டுல சிவப்பு இருந்தா, கரையில உக்காந்து கத்திரிக்காய் கொத்சுவும் சம்பா சாதமும் சாப்பிட்டுட்டுப் போகட்டும். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.